தாண்டவராயன் கேட்ட முப்பத்திரண்டு கல்

உத்திரமேரூர் கல்வெட்டுக் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் உள்ளே பத்து நிமிடம் இருப்பார்கள். வெளியே வந்து எதிரே என் கடையில் இரண்டு இட்லி, ஒரு வடை சாப்பிடுவார்கள். கை கழுவிக்கொண்டே கேட்பார்கள்: "அக்கா, இங்க வேற என்ன பாக்கலாம்?" இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்தால் காதில் விழாத மாதிரி பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன். முன்பு அப்படி இல்லை. ஆட்டோ ஸ்டாண்டைக் கரண்டியால் காட்டி, "தோ நிக்கிறாரு பாரு காக்கிச் சட்டை, அவராண்ட கேளு" என்று சொல்லிவிட்டு தோசையைத் திருப்பப் போய்விடுவேன்.

அந்தக் காக்கிச் சட்டைதான் தாண்டவராயன். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஒரே ஊர், ஒரே தெரு, அதனால் அண்ணன். எங்கள் ஊர் நத்தங்கரணை, செய்யாற்றுக்கு அந்தப் பக்கம். நான் விடியற்காலையில் மாவுக் குண்டானோடு அவர் ஆட்டோவில் ஏறி, தரைப்பாலம் தாண்டி உத்திரமேரூர் வருவேன். சாயங்காலம் காலிக் குண்டானோடு அதே ஆட்டோவில் திரும்புவேன். பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம். வழியெல்லாம் நான் பேசுவேன், அவர் கேட்பார். என் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். அவர் காதில் மட்டும் அது விழுந்ததா இல்லையா என்றே தெரியாது.

ஊர் சுற்றிக் காட்டுவதில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கல்வெட்டு. அப்புறம் சுந்தரவரதர் கோயில். படியேறி மாடி மாடியாகப் பெருமாளைப் பார்க்கலாம் என்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அடுத்து திருப்புலிவனத்துச் சிவன். ஏரி நிரம்பியிருந்தால் தண்ணீர் வழிகிற கலங்கல் ஓரம் ஐந்து நிமிடம் நிறுத்துவார். பறவைக் காலத்தில் வேடந்தாங்கல். அவ்வளவுதான், திரும்பிவிடுவார்.

படிப்பு எட்டாவதோடு சரி. அந்தக் கல்வெட்டில் ஒரு எழுத்தைக்கூட அவரால் படிக்க முடியாது. வருஷா வருஷம் மாணவர்களைக் கூட்டிவந்த ஒரு பேராசிரியர் சொல்வதை ஓரமாக நின்று கேட்டு, முழுக்க மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். சுவரைத் தொடாமல், ஒரு சாண் தள்ளியே விரலை நீட்டிக்கொண்டு சொல்வார். என் கடை வரைக்கும் கேட்கும்.

"ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி சார். ஓலையில பேரு எழுதி குடத்துல போட்டாங்க. யாரு பேரு போடலாம்? முப்பத்தஞ்சு வயசு ஆயிருக்கணும், எழுபது தாண்டக் கூடாது. சொந்த மனையில வூடு கட்டியிருக்கணும். திருடனா இருக்கக் கூடாது. பெரும் பாதகம் பண்ணவன் பேரு குடத்துக்குள்ள போவவே கூடாது, அவன் சொந்தக்காரன் பேரும் கூடாது. குடத்தத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவாங்க. ஒன்னும் தெரியாத சின்னப் புள்ள ஒன்னு கைய வுட்டு ஓலைய எடுக்கும். எனக்குப் போடு, எனக்குப் போடுன்னு அப்போ எவனும் வாசப்படி ஏறல சார். தனக்குத் தானே கேட்டுக்கிறது கேவலம்னு இருந்துது."

கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் ஏறும். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிலர் கைதட்டுவார்கள். அந்த வரி அந்தச் சுவரில் உண்மையிலேயே இருக்கிறதா, இவராகச் சேர்த்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அவர் அதை நம்பினார். அதைத்தான் இங்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாராவது, "ஆறு பக்கத்துலதானே? அங்க போலாமா?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "ஆத்துல ஒன்னும் இல்ல சார்." வருஷத்தில் பத்து மாதம் அது உண்மையும்கூட. வெறும் மணல், வேலிகாத்தான் முள், நடுவில் எங்கள் தரைப்பாலம். ஆனால் அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் வேறு.

அவருக்கும் பாஞ்சாலி அண்ணிக்கும் ஒரே பெண், இளமதி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஷிப்டுக்கு ஸ்கூட்டியில் தரைப்பாலம் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போனால் கம்பெனி வேன் வரும். பெருமழை பெய்த அந்த வருஷம், மார்கழி பிறக்க சில நாள் இருக்கும்போது, பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. கணுக்கால் அளவு என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைப்போம். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஆற்றின் கரையில் பிறந்தவர்கள் நாங்கள். தண்ணீரை எங்களுக்குத் தெரியாது. பாதி ஊருக்கு நீச்சல் தெரியாது. பாலத்தின் ஓரம் எது என்று காட்டத்தான் அந்தக் காலத்தில் பக்கத்துக்குப் பதினாறாக முப்பத்திரண்டு கருங்கல் நட்டு வெள்ளை அடித்திருந்தார்கள். மணல் லாரிகள் இடித்து இடித்து ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. அடிக்கட்டைகள்தான் மிச்சம். தண்ணீர் ஓடினால் பாலம் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இளமதி பழகிய வழிதானே என்று போனாள். முன்சக்கரம் இடது ஓரத்தில் இறங்கிவிட்டது.

மூன்றாம் நாள் திருமுக்கூடல் பக்கம் கிடைத்தாள். இருபத்திரண்டு வயது. என் இடுப்பில் வளர்ந்த பெண். இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அண்ணன் அழவில்லை. எல்லோரும் அதைப் பேசினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு கோணியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய், மண்ணில் புதைந்திருந்த அடிக்கட்டைகளைத் தோண்டித் தோண்டி எண்ணினார். முப்பத்திரண்டு. அன்றையிலிருந்து அந்த எண்தான் அவர் வாயில். கிராம சபைக்குப் போனார், திங்கட்கிழமை மனுக் கொடுக்கும் இடத்துக்குப் போனார், இன்ஜினியர் ஆபீசுக்குப் போனார். "முப்பத்திரண்டு கல்லு சார். பாலம் கூட வாணாம். கல்லு." ஆவன செய்யப்படும் என்று பதில் வரும். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைப்பார். ஐந்து வருஷத்தில் சீட்டே உயர்ந்துவிட்டது என்று நான் கேலி பண்ணுவேன்.

கேலி பண்ணியவள்தான் வினையையும் இழுத்துவிட்டேன். ஊராட்சித் தேர்தல் வந்தபோது, "ஊரானாண்ட மனு குடுத்துக்கினு எத்தினி நாளுக்கு அலைவ? நீயே வார்டு மெம்பருக்கு நில்லுண்ணா. தீர்மானம் போட்டு, அடிச்சிப் புடிச்சி கல்ல வாங்கு" என்றேன். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

எதிரே நின்றவன் ஏகாம்பரம். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். மெம்பர் ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. கல்லைப் பற்றிக் கேட்டால், "தரைப்பாலம் நம்ம பஞ்சாயத்துல வராது ரேணுகா, அது நெடுஞ்சாலைக்காரன் பேஜாரு" என்று நழுவிவிடுவான்.

ஓட்டுக் கேட்கப் போனால் அண்ணன் வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றுகொள்வார். வாயைத் திறந்தால் கல்லைப் பற்றி மட்டும்தான் பேச்சு. "எனக்குப் போடுங்க" என்ற ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "யண்ணா, கும்புடு போடு! சின்னம் இன்னான்னு சொல்லு!" என்று முதுகில் இடிப்பேன். ஆட்டோ சின்னம் கேட்டார்; கிடைத்தது கட்டில். கட்டிலுக்குப் போடு என்று நான்தான் வீடு வீடாய்க் கத்தினேன். ஆம்பிளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், குத்தினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஓட்டு எண்ணிக்கை அன்று நானும் அண்ணியும் வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணன் ஜன்னலுக்கு வந்து கணக்கைச் சொன்னார். ஆளுக்கு நூற்று எண்பத்தேழு. சமம். திரும்ப எண்ணினார்கள். சமம்தான்.

சமமாக வந்தால் சீட்டுப் போட்டு எடுப்பது சட்டமாம். ஆயிரத்து நூறு வருஷக் கதையை நாள் தவறாமல் சொன்ன மனுஷனுக்கே அது வந்து சேர்ந்தது. இரண்டு துண்டுச் சீட்டில் பேர் எழுதி, மடித்து, ஒரு காலி டப்பாவில் போட்டார் அதிகாரி. அப்போது அண்ணன் பழக்கதோஷத்தில், "டப்பாவத் தூக்கி எல்லாருக்கும் காட்டணும் சார், உள்ள வேற ஒன்னும் இல்லன்னு" என்றாராம். அதிகாரி முறைத்துவிட்டு, அப்புறம் சிரித்து, தூக்கிக் காட்டினாராம். எடுத்தது அங்கே வேலையில் இருந்த ஒரு டீச்சரம்மா. பிரித்துப் படித்தது ஏகாம்பரத்தின் பேர்.

அண்ணன் வெளியே வந்து, "சரியாத்தான் எடுத்தாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு ஓட்டு. ஒரே ஒரு ஓட்டு! நானே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன், நூற்று எண்பத்தெட்டு நிச்சயம். என் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு எந்த நாதாரியோ ஏகாம்பரத்தின் பூட்டு சாவிச் சின்னத்தில் குத்தியிருக்கிறான். அவன் யார் என்று கண்டுபிடிக்காமல் சோறு இறங்கவில்லை.

யோசித்து யோசித்து சடையப்பன் என்று முடிவுக்கு வந்தேன். ஏகாம்பரத்திடம் டிராக்டர் ஓட்டுகிறவன். ஒரு காலையில் குழாயடியில் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, எங்கண்ணன் ஆட்டோவுல பொண்டாட்டிய பிரசவத்துக்கு ஏத்திக்கினு போனியே, அன்னிக்கி இனிச்சிதா? ஓட்டுன்னா கசக்குதா? நீயெல்லாம் சோத்தத் துன்றியா வேற எதுனா துன்றியா?" என்று ஆரம்பித்தேன். தெருவே கூடிவிட்டது. அவன் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். பிள்ளையின் மேல் கை வைக்கிறானே என்று இன்னும் கத்தினேன்.

அண்ணன் வீட்டிலிருந்து வேகமாக வந்து என் கையைப் பிடித்தார். அதுவரை என் கையை அவர் தொட்டதில்லை.

"அவன வுடு ரேணுகா. அவன் நமக்குத்தான் போட்டான். அந்த ஓட்டு நான் போட்டது."

எனக்குப் புரியவில்லை. "இன்னாது?"

"ஓட்டுச் சீட்டக் கையில குடுத்தாங்க. என் பேரு மேல நானே எப்டி குத்திக்கிறது? கை வர்ல. கேவலமா இருந்துது. ஏகாம்பரத்துக்குக் குத்திட்டேன். ஒரு ஓட்டு இன்னா ஆவப் போவுதுன்னு நெனச்சேன்."

குழாயில் தண்ணீர் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் மூடவில்லை. அவர் தனக்கே குத்தியிருந்தால் நூற்று எண்பத்தெட்டு, ஏகாம்பரத்துக்கு நூற்று எண்பத்தாறு. சீட்டும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். கல் வந்திருக்கும்.

"சுவத்துல எவனோ செதுக்கினதுக்கு உன் பொண்ண வித்துட்டியேண்ணா" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் சொன்னேன். பாஞ்சாலி அண்ணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் என் நாக்கை நானே இழுத்து அறுத்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து மாவுக் குண்டானை டவுன் பஸ்ஸில் ஏற்றினேன். கடை எதிரே அவர் நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சாப்பிட வந்தால் பொங்கல் இல்லை, தீர்ந்துபோச்சு என்பேன். குண்டான் நிறைய இருக்கும். அவர் வண்டிக்குத் திரும்பிவிடுவார்.

அடுத்த மாதமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏரிகள் எல்லாம் உடைகிற அளவுக்கு நிரம்பி, செய்யாற்றில் தண்ணீர் வந்தது. எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்தால் அது திருவிழா. தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் ஏற்றுவார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். டிவியிலும் செல்போனிலும் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ பைக்கில் வந்தார்கள். அண்ணன் ஆட்டோவை வீட்டில் போட்டுவிட்டு, சவுக்குக் கழி வெட்டி, சிவப்புத் துணி கட்டி, பாலத்தின் ஓரத்தில் அந்த அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போகும். மறுபடி சொருகுவார். மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன். நான் சுற்று வழியில் பஸ்ஸில் வந்து கடையைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு புதுக் கல்யாண ஜோடி வந்தது. பெண் பேர் ஹேமாவதி, பையன் வினோத்குமார். ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, ஒரே தட்டில் பொங்கல் சாப்பிட்டார்கள். பையன் வடை நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று கேட்டான். நாலு வடை பொட்டலமும் கட்டச் சொன்னான். கை கழுவிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்.

"அக்கா, இங்க வேற என்ன பாக்கலாம்? சுத்திக் காட்ட ஒருத்தர் இருப்பாராமே?"

"அந்தாளு வரமாட்டாரு" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன். அவரைக் கேட்டதே எனக்கு எரிந்தது. அவராக இருந்தால், ஆற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பார். அந்த நினைப்பில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவருக்கு எதிராகச் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். "ஆத்துல தண்ணி வந்துகீது. எத்தினியோ வருஷம் கழிச்சி வந்துகீது. போயி பாருங்க. தரைப்பாலத்து மேல கணுக்கால் தண்ணிதான், பைக்குலயே போலாம்."

நானேதான் சொன்னேன். கணுக்கால் தண்ணி என்று.

பதினொரு மணி இருக்கும். ஸ்டாண்டில் யாரோ பேசிக்கொண்டார்கள், நத்தங்கரணைப் பாலத்தில் பைக்கோடு ஒருத்தன் போய்விட்டான் என்று. அடுப்பை அணைத்தேனா இல்லையா தெரியாது. கிடைத்த ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். கரையில் கூட்டம். நடுவில் அந்தப் பெண் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். கையில் என் கடைப் பொட்டலம். அவள் வீடியோ எடுக்க இறங்கிக் கரையில் நின்றாளாம். அவன் மெதுவாகப் பாலத்தில் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினானாம். இடது பக்கம் பதினோராவது கல் இருந்த இடத்தில் சக்கரம் இறங்கிவிட்டது. அங்கே சொருகிய கழியைத் தண்ணீர் இழுத்துப்போக, வேறு கழி வெட்ட அண்ணன் எதிர்க்கரைக்குப் போயிருந்த நேரம். ஓடிவந்து கயிறு வீசியிருக்கிறார். கயிறு போய் விழுந்தது. பிடிக்கக் கை மேலே வரவில்லை.

மறுநாள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேலிகாத்தான் புதரில் கிடைத்தான்.

அதிகாரிகள் வந்தார்கள். மணல் மூட்டை அடுக்கினார்கள். ஆபத்து என்று ஒரு போர்டு வைத்தார்கள். அடுத்த கோடையில் யாரோ அந்தப் போர்டைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குத் தடுப்பாக வைத்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் கிராம சபையில் தீர்மானம் போட்டான், அதைச் சொல்ல வேண்டும். அந்தக் காகிதமும் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டது. கல் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

நான் மறுபடி அண்ணன் ஆட்டோவில் ஏற ஆரம்பித்தேன். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு காலையில் குண்டானைத் தூக்கி வைத்தேன், அவர் நகர்ந்து இடம் விட்டார். வழியில் நான் பேசுவது குறைந்துபோயிற்று. பாலத்தில் ஏறும்போது மட்டும் அவர் வாய் அசையும், எண்ணுகிறார் என்று தெரியும். பதினொன்றில் வண்டி கொஞ்சம் நிதானமாகும். யார் அந்த ஜோடியை அங்கே அனுப்பியது என்று அவர் கேட்கவில்லை. வந்து பார்த்துவிட்டுப் போகிற ஜனங்களில் ஒன்று என்று நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன, ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

இப்போது மறுபடி ஊராட்சித் தேர்தல் பேச்சு அடிபடுகிறது. போன வாரம் ஒரு காலையில், வண்டியிலிருந்து குண்டானை இறக்கி வைத்துக்கொண்டே நான்தான் ஆரம்பித்தேன்.

"இந்த வாட்டியாவது உன் பேருல நீயே குத்திக்கோண்ணா."

அவர் தலையை ஆட்டினார். "நான் நிக்கமாட்டேன். என் பேரு குடத்துக்குள்ள போவக் கூடாது."

"ஏன்?"

"பாதகம் பண்ணவன் பேரு போவக் கூடாதுன்னு போட்டுகீதே. அந்தப் பையன் செத்தது என்னாலதான? நான் ஒழுங்கா குத்தியிருந்தா கல்லு வந்திருக்கும்." சொல்லிக்கொண்டே சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். போன தடவை மிச்சமான வேட்புமனுப் பாரம், ஓரம் பழுத்துப் போயிருந்தது. "நீ நில்லு. நம்ம வார்டு இந்த வாட்டி பொம்பளைங்களுக்குன்னு சொல்றாங்கோ. உன் வாய்க்கு எந்த ஆபீசரும் நிக்கமாட்டான். கல்லு வந்துடும். பாரம் புதுசு தருவாங்க, இது நீ எழுதிப் பழகறதுக்கு. மொத ஓட்டு நான் குத்தறேன், நீ பயப்படாத."

நான் பாரத்தைக் கையில் வாங்கவில்லை. வாங்க முடியவில்லை. அந்தச் சுவரில் இருக்கிற விதி எனக்கும்தானே. எத்தனையோ வருஷம் மறைத்து வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

"யண்ணா, அந்தப் பசங்கள ஆத்துக்கு அனுப்பினது நான்தான். எங்கடையிலதான் துன்னுட்டுப் போச்சிங்க. வேற இன்னா பாக்கலாம்னு கேட்டுதுங்க. உன் மேல இருந்த கோவத்துல போயிப் பாருங்கன்னு சொன்னேன். கணுக்கால் தண்ணிதான்னு சொன்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"இன்னா துன்னாங்க?" என்று கேட்டார்.

"பொங்கலு."

"அந்தப் பையன் வயிறு ரொம்பத் துன்னானா?"

"வட இன்னொன்னு கேட்டு வாங்கித் துன்னான்ணா."

அவர் ஆட்டோவின் படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. இளமதிக்கு அழாத மனுஷன், வினோத்குமாருக்கு அழாத மனுஷன், நடுத் தெருவில் காக்கிச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இளமதி காலையில் எதுவும் சாப்பிடாமல் வண்டியை எடுத்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அண்ணி வருஷக்கணக்கில் அதையே சொல்லிச் சொல்லி அழுவாள்.

அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. ஏதோ காலேஜ் ஆசிரியர்கள், பத்துப் பதினைந்து பேர். சுற்றிக் காட்டுகிறவர் யார் என்று கேட்டார்கள். அண்ணன் என் கடைத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு அவர்களோடு உள்ளே போனார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். குரல் கேட்டது.

"ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி சார். ஓலையில பேரு எழுதி குடத்துல போட்டாங்க. யாரு பேரு போடலாம்? முப்பத்தஞ்சு வயசு ஆயிருக்கணும், எழுபது தாண்டக் கூடாது. சொந்த மனையில வூடு கட்டியிருக்கணும். திருடனா இருக்கக் கூடாது."

அங்கே நிறுத்தினார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த வரி எனக்கும் மனப்பாடம்.

"குடத்தத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவாங்க" என்றார்.

பாதகம் செய்தவனைப் பற்றி அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த வரியை விட்டதில்லை.

வெளியே வந்ததும் அந்த ஆசிரியர்களில் ஒருத்தர், ஆறு பக்கத்தில்தானே, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். "ஆத்துல ஒன்னும் இல்ல சார்" என்று சொல்லி அவர்களைச் சுந்தரவரதர் கோயில் பக்கம் கூட்டிப் போனார். போகிறபோது அந்தப் பாரத்தை என் மேசையில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் உப்பு டப்பாவை மேலே வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரமாக அது அங்கேயேதான் இருக்கிறது. பேர் எழுதும் இடத்தில் எண்ணெய் பட்டுவிட்டது. இன்னும் நான் எழுதவில்லை. ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை.